தவிலை அமுக்காமல் மின்னிசை செய்ய

தவிலைப் பதிவு செய்து, கீழே நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் கிக்கை, அதாவது டிரம்ஸின் 'தும்' என்ற அடியைப் போட்டால் நம்மூர் மின்னிசை வந்துவிடும் என்றுதான் நானும் தொடங்கினேன், கேட்டால் இரண்டும் சண்டை பிடித்தன.

எனக்கு வழி காட்டியவர் ஆர்ஜென்டினாவின் மின்னிசைக் கலைஞர் பெட்ரோ கனாலே. சான்சா வியா சிர்க்குயிட்டோ என்ற அவருடைய மேடைப்பெயரே புவனஸ் அயர்ஸ் புறநகர் ரயிலை வைத்துப் போட்டது, நம்மாள் ஒருவர் யாழ்தேவி என்று பெயர் வைத்துக்கொண்ட மாதிரி. 2008 இல் முதல் ஆல்பம் ரொடான்டே. 2010 இல் வந்த ரியோ அர்ரிபாவில் ஹொசே லாரால்டே என்ற நாட்டுப்புறப் பாடகரின் பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்தார், மூன்று வருடம் கழித்து அது பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒலித்தது. அதை ஒருமுறை ஹெட்போனில் வடிவாகக் கேளுங்கள்: அவசரமே இல்லை, லாரால்டேயின் குரலுக்கு இடம் விட்டு தாளம் ஒதுங்கி நடக்கிறது.

அதனால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், 90 முதல் 100 போதும். பதிவுக்குப் போன் காணும், ஆனால் தவிலுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், நல்லூர்த் திருவிழாவில் முன்னால் நின்று நான் எடுத்தது முழுக்க ஒலி சிதறி வெடித்துப் போனது. இருபது அடி தள்ளி நில்லுங்கள், எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகவே எடுங்கள்.

அப்புறம் தாளம், எல்லோரும் சறுக்குவது இங்கேதான். மிஸ்ரசாபு தாளத்துக்கு ஏழு எண்ணிக்கை. மென்பொருளில் நான்கு எண்ணிக்கைக் கட்டத்தை அப்படியே விட்டுத் தவிலை வெட்டி ஒட்டினால், கட்டமும் தவிலும் 28 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் ஒன்றாக விழும், அதைத் தெரிந்தே செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் அலங்கோலம். ஆரம்பத்தில் கட்டத்தையே ஏழுக்கு மாற்றி, 'தகிட தகதிமி' சொல்லிப் பார்த்து, 'தகிட'வின் முதல் அடியில் மட்டும் கிக் வையுங்கள். ஸ்நேரை, அதாவது டிரம்ஸின் 'சட்' என்ற அடியை எடுத்துவிடுங்கள், அந்த வேலையைத் தவிலின் வலந்தலை, அதாவது வலப்பக்கம் ஏற்கெனவே செய்கிறது.

வாசித்தவரிடம் கேட்காமல் வெளியிடாதீர்கள், பெயரும் போடுங்கள், காசு வந்தால் பங்கும் கொடுங்கள். நான் இணுவிலில் ஒரு வித்துவானிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டுவிட்டு, "தம்பி, தவில் சரி, பின்னால என்ன தண்ணி மோட்டரே ஓடுது?" என்றார். வீட்டுக்கு வந்து கிக்கை இன்னும் 6 டெசிபல் இறக்கினேன்.