சர்வரின் செயலி, நினைவகப் பயன்பாட்டை மணிவாரியாக அறிக்கை எடுப்பது எப்படி?

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதியும் லினக்ஸ் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். மாலை எடைநேரத்தில் கணினி திணறுகிறது என்று எழுத்தர் சொன்னபோது, நாள் சராசரியை மட்டும் பார்த்துவிட்டுச் சுமையே இல்லை என்று பதில் சொன்னேன். அவர் சொன்னதுதான் சரி. அந்தத் தவறு உங்களுக்கு நேராதிருக்க இதை எழுதுகிறேன்.

படி 1: போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் 'அளவீடு' என்ற அட்டவணையை நேரம், செயலி (பயன்பாட்டுச் சதவீதம்), மீதம் (மீதமுள்ள நினைவகம்) என்ற மூன்று நெடுவரிசைகளுடன் உருவாக்குங்கள், தமிழ்ப் பெயர்களை அது ஏற்கும். நிமிடத்துக்கு ஒரு வரிசையைச் சேர்க்கும் ஸ்கிரிப்டைக் கிரானில் (குறித்த நேரங்களில் நிரலைத் தானே இயக்கும் லினக்ஸ் வசதி) அமையுங்கள். லினக்ஸ் தரும் செயலி எண்கள், சர்வர் இயங்கத் தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்தங்கள் என்பதால், அடுத்தடுத்த இரு அளவீடுகளின் வித்தியாசத்திலிருந்தே சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். நினைவகத்துக்கு 'மெம்ஃப்ரீ' (முற்றிலும் காலியாக இருப்பது) எண்ணை எடுக்காமல் 'மெம்அவைலபிள்' (நிரல்களுக்குக் கிடைக்கக்கூடியது) எண்ணை எடுங்கள். காலியான நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளைத் தேக்கிவைக்கப் பயன்படுத்திக்கொண்டு, நிரல்கள் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும்.

படி 2: பின்வரும் வினவலை இயக்குங்கள். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இடுங்கள்.

செலக்ட் டேட்_ட்ரங்க்('ஹவர்', நேரம்) ஆஸ் மணி,
கவுண்ட்(*), ஆவ்ஜி(செயலி), மேக்ஸ்(செயலி), மின்(மீதம்)
ஃப்ரம் அளவீடு
வேர் நேரம் >= நவ்() - இன்டர்வல் '7 டேஸ்'
குரூப் பை 1 ஆர்டர் பை 1;

படி 3: சராசரியை உச்சத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் செயலி 95 சதவீதத்திலும், மற்ற 50 நிமிடம் 5 சதவீதத்திலும் இருந்தால் சராசரி வெறும் 20 சதவீதம்தான். ஆனால் மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தது அந்தப் பத்து நிமிடத்தில். நினைவகத்துக்கு இதே காரணத்தால் மிகக் குறைந்த மீதத்தை எடுக்கிறோம்.

படி 4: நிமிடத்துக்கு ஒன்று என்பதால் மணிக்கு 60 வரிசைகள் இருக்க வேண்டும். கவுண்ட் காட்டும் எண்ணிக்கை 60க்குக் குறைந்திருந்தால் அந்த மணியின் சராசரியை அப்படியே நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது எங்கள் பக்கம் வழக்கம். மணி முழுவதும் சர்வர் நின்றிருந்தால், அந்த மணி அறிக்கையில் இடம்பெறவே செய்யாது. ஜெனரேட்_சீரீஸ் என்ற, தொடர் மதிப்புகளை உருவாக்கும் செயற்கூற்றைக் கொண்டு எல்லா மணிகளையும் உருவாக்கி, அவற்றோடு அளவீட்டை லெஃப்ட் ஜாயின் (அளவீடு இல்லாத மணிகளையும் விடாமல் இணைத்தல்) செய்யுங்கள். அப்போது வினவலிலுள்ள 'வேர்' வரியை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் விடுபட்ட மணிகள் மீண்டும் மறைந்துவிடும். கவுண்ட்(*) என்பதையும் கவுண்ட்(நேரம்) என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால், அளவீடே இல்லாத மணிக்கும் 1 என்று காட்டும்.