அமெரிக்காவில் கார் விபத்துக்காக கலெக்‌ஷன் ஏஜென்சி கடிதம் வந்தால்

விபத்து நடந்து ஓராண்டு ஆகியிருக்கும். காரைக்கூட விற்றிருப்பீர்கள். திடீரென்று பேரே கேள்விப்படாத, மற்றவர்களின் பாக்கியை வசூலித்துத் தரும் ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சியிடமிருந்து கடிதம் வரும்: 6,840 டாலர் பாக்கி, உடனே கட்டாவிட்டால் மேல் நடவடிக்கை. நான் டெக்சாஸில் கார் இன்சூரன்ஸ் கிளெய்ம் வேலையில் இருக்கிறேன். பிளேனோ, இர்விங் பக்கம் புதிதாக வந்த பிள்ளைகள் இந்தக் கடிதத்தோடு வரும்போது முகம் வெளுத்துப்போய் இருப்பார்கள். சிலர் அதற்குள் போனிலேயே கார்டு நம்பரைச் சொல்லி முதல் தவணையைக் கட்டியிருப்பார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுப்பதில்லை.

கடிதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எதிர் வண்டிக்காரருக்கு அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டது. கொடுத்ததைத் தவறு செய்தவரிடம் வசூலித்துக்கொள்ள அந்தக் கம்பெனிக்கு உரிமை உண்டு. இதைத்தான் சப்ரொகேஷன் என்கிறோம். அந்த வேலையை ஏஜென்சியிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஆனால் தவறு உங்கள் மேல்தான் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. தொகையையும் யாரும் தீர்மானிக்கவில்லை. கிரெடிட் கார்டு பாக்கி போல நீங்கள் வாங்கிச் செலவழித்த கடன் அல்ல இது. அவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

விபத்து நடந்த அன்று உங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்ததா? இருந்தால் கடிதத்தை அன்றைக்கே உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள். போன வாரம் ஒரு எம்.எஸ். மாணவன் கேட்டான்: "அக்கா, நான் கம்பெனி மாத்திட்டேனே, பழைய கம்பெனி கட்டுமா?" "விபத்து அன்னைக்கு எந்த பாலிசி இருந்துச்சோ, அதுதான்பா கட்டணும். இப்ப யார்கிட்ட இருக்கேங்கறது கணக்கே இல்ல" என்றேன். டெக்சாஸில் குறைந்தபட்ச பாலிசியிலேயே அடுத்தவர் வண்டி, சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர் வரை உண்டு. கலிஃபோர்னியாவில் 5,000 ஆக இருந்தது 2025 ஜனவரியில் 15,000 ஆனது. பேச வேண்டியது, தேவைப்பட்டால் வக்கீல் வைத்து வாதாட வேண்டியது எல்லாம் உங்கள் கம்பெனியின் வேலை. நடுவில் நீங்களே புகுந்து பணம் கட்டினால் "எங்களைக் கேட்காமல் கட்டினீர்கள்" என்று அவர்கள் கைகழுவ இடம் கொடுத்துவிடுவீர்கள். ஏஜென்சிக்கு உங்கள் கம்பெனி பெயர், பாலிசி நம்பர், கிளெய்ம் நம்பர் போதும்.

பாலிசி காலாவதியாகி இருந்தாலோ, கம்பெனி கையை விரித்தாலோதான் நீங்கள் நேரே இறங்க வேண்டும். அப்போதும் போனில் வேண்டாம். நம் ஆட்களுக்கு மரியாதைக்காக "ஸாரி, என் தப்புதான்" என்று வாயில் வந்துவிடும். அந்த லைன் பெரும்பாலும் ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருக்கும். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு சர்ட்டிஃபைட் மெயிலில் (நம்மூர் பதிவுத் தபால் மாதிரி), ரிட்டர்ன் ரெசீப்டோடு (கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டு), ஒரு சின்னக் கடிதம் போதும்: இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை, ஆதாரங்களை அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: போலீஸ் ரிப்போர்ட், சேதத்தின் படங்கள், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் வரிக்கு வரி, இன்சூரன்ஸ் கம்பெனி உண்மையில் பணம் கொடுத்ததற்கான அத்தாட்சி. வண்டியை டோட்டல் லாஸ் (ரிப்பேர் செய்து பயனில்லை, முழு நஷ்டம்) என்று முடித்திருந்தால், உடைந்த வண்டியை விற்றுக் கிடைத்த தொகையைக் கழித்தார்களா என்றும் கேளுங்கள்.

எஸ்டிமேட்டைப் பொறுமையாகப் படியுங்கள். அந்த மாணவன் விஷயத்தில், மளிகைக் கடை பார்க்கிங்கில் இரண்டு வண்டியும் ரிவர்ஸில் வந்து பின்பக்கம் மோதிக்கொண்டன. எஸ்டிமேட்டில் பின் பம்பர், டிக்கிக் கதவு சரி. அதற்குக் கீழே முன்பக்க இடது ஹெட்லைட், அதற்கு பெயிண்ட், லேபர் தனி. படத்தில் ஹெட்லைட் பக்கம் கீறல்கூட இல்லை. இரண்டு பேரும் ரிவர்ஸில் வந்தார்கள் என்றால் தவறிலும் இருவருக்கும் பங்குண்டு. எதிராளியின் பங்கு 30 சதவீதம் என்றால் டெக்சாஸில் அவர் கேட்கும் தொகையில் 30 சதவீதம் போய்விடும். 50ஐத் தாண்டினால் அவருக்கு ஒன்றுமே கிடையாது. அவருடைய கம்பெனிக்கும் அவருக்கு இருக்கும் உரிமைதான், அதற்கு மேல் இல்லை.

கடன் வசூல்காரர்களை அடக்க 1977இல் வந்த மத்தியச் சட்டத்தைப் பலரும் சொல்வார்கள்: 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால் ஆதாரம் தரும்வரை வசூலை நிறுத்த வேண்டும், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் போன் கூடாது. நல்ல சட்டம். ஆனால் முழுக்க நம்பி இருக்காதீர்கள். விபத்து நஷ்டஈடு ஒரு ஒப்பந்தத்தில் பிறந்த கடன் அல்ல, ஆகவே இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1998இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாடகைக் கார் வேறு கதை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதால் சட்டத்தைத் துணைக்கு அழைக்க வலுவான இடமுண்டு. எது எப்படியோ, 30 நாளுக்குள் மறுப்புக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. கைது, விசா என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். இது சிவில் விவகாரம். மிரட்டியவர் பெயர், நேரம் குறித்துக்கொண்டு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

தேதியையும் பாருங்கள். வண்டிச் சேதத்துக்கு வழக்குப் போட டெக்சாஸில் 2 ஆண்டு, கலிஃபோர்னியாவில் 3, நியூ ஜெர்சியில் 6. கெடு நெருங்கும்போதுதான் "மாதம் 100 டாலர் கட்டுங்கள், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். போட்டீர்களோ, அது புது ஒப்பந்தம்; டெக்சாஸில் அதற்கு 4 ஆண்டுக் கெடு தனியாக ஓட ஆரம்பிக்கும்.

ஏஜென்சி கடிதத்துக்கு யோசித்துப் பதில் போடலாம். கோர்ட் சம்மன் வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் (20,000 டாலர் வரையிலான வழக்குகள்) பதில் போட 14 நாள்தான். பதில் போடாவிட்டால் கேட்ட தொகை அப்படியே தீர்ப்பாகிவிடக்கூடும். அதை 60 நாளில் கட்டாவிட்டால் டிரைவிங் லைசென்ஸையே முடக்க முடியும்.

தவறு உங்களுடையதுதான், இன்சூரன்ஸும் இல்லை என்றால் கட்டத்தான் வேண்டும். எதிர் வண்டிக்காரருக்கும் நஷ்டம் நஷ்டம்தானே. ஆனால் மொத்தமாகக் கட்டுவதாகச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். பேங்க் அக்கவுண்ட் நம்பர் கொடுக்காமல், பேங்கே தன் பெயரில் எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்காகக் கொடுங்கள். கொடுக்கும் முன்பே, இனி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம் என்ற ரிலீஸ் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதில் "முழுமையாகத் தீர்ந்தது" என்பது மட்டும் போதாது. எதிர் வண்டிக்காரர், தன் இன்சூரன்ஸ் தராமல் தன் கையிலிருந்து கட்டிய பங்கான டிடக்டபிளும் அதில் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த 500 அல்லது 1,000 டாலருக்கு அவரே தனியாக, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம்.