பூட்டிக் கிடந்த எஸ்பிரஸோ மெஷினை வீட்டில் ஓட வைப்பது எப்படி?

அறுகம்பேயில் அலை சீசன் ஒக்டோபரோடு அடங்கிவிடும். மழை பிடித்ததும் கடற்கரையோரக் கோப்பிக் கடைகள் பூட்டப்படும். அடுத்த ஏப்ரல் வரை உள்ளே இருக்கும் எஸ்பிரஸோ மெஷினை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொயிலருக்குள் பழைய தண்ணீர், வெளியே உப்புக் காற்று. சீசன் தொடங்கி சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் விழும். "எரிஞ்சு போச்சு" என்று சொல்லி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்கள் கழித்துவிடும் மெஷின்களும் இதே மாதிரித்தான் மட்டக்களப்புக்கு வந்து சேருகின்றன.

என் கைக்கு வந்தவற்றில் உண்மையாக எரிந்து போனது குறைவு. ஈரமும் சுண்ணாம்புப் படிவும்தான் வழக்கமான நோய். அதனால் உதிரிப்பாகம் வாங்க ஓடாதீர்கள். முதலில் கரண்ட், பிறகு பச்சைத் தண்ணீர், எல்லாம் சரியென்றால் மட்டும் சூடு. இந்த வரிசையில் சோதித்தால் எது பழுது என்று மெஷினே சொல்லிவிடும்.

எதை வாங்கலாம்

வீட்டுக்கு ஒரு குரூப் மெஷின் போதும் (குரூப் என்பது கோப்பி இறங்கும் தலை). இரண்டு குரூப் மெஷின்கள் பல 4000 வாட்டை நெருங்கும் அல்லது தாண்டும். நம் 13 அம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 3000 வாட் வரைதான் எடுக்கலாம். பின்பக்கத் தகட்டில் வோல்ட், வாட் இரண்டும் அடித்திருக்கும், அதைப் படிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். 400 வோல்ட், மூன்று பேஸ் என்று இருந்தால் ஹீட்டர் வயர்களை மாற்றி இணைக்க வேண்டியிருக்கும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

என் தெரிவு ஈ-61 தலை வைத்த மெஷின். இத்தாலியின் ஃபேமா நிறுவனம் 1961இல் கொண்டுவந்த வடிவம் அது. இன்றைக்கும் பல கம்பனிகள் அதே தலையைச் செய்வதால் காஸ்கட், சல்லடை எல்லாம் எங்கிருந்தும் எடுப்பிக்கலாம். தொடுதிரை, நிரல் செய்த பட்டன் என்று மினுங்கும் மெஷின்கள் வேண்டாம். அவற்றின் சர்கியூட் போர்டுக்குள் பல்லி குடியிருந்திருந்தால் கதை முடிந்தது. (பகிடி இல்லை. மூடியைக் கழற்றினால் முதலில் ஓடுவது பல்லி, அடுத்தது கரப்பான்.)

முதலில் கரண்ட்

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறவுங்கள். எந்த வயரையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள், நாலு பக்கமிருந்தும். பொயிலரின் அடியில் இருக்கும் வடிகால் நட்டைத் திறந்து பழைய தண்ணீரை வாளியில் இறக்குங்கள். கழிவறை வாசம் வந்தால் பயப்பட வேண்டாம், மாதக்கணக்கில் நின்ற தண்ணீர்.

ஹீட்டரின் வயர்களைக் கழற்றி, அதன் இரண்டு முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். வரவேண்டிய கணக்கு சுலபம்: 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் என்றால் 26 ஓம் சொச்சம், 2700 வாட் என்றால் 20 ஓமுக்குக் கிட்ட. அந்த எண் வந்தால் கம்பி அறவில்லை. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் போய்விட்டது. ஹீட்டர் நல்லது, ஆனால் அதற்குக் கரண்டே போகவில்லை என்றால் பாதுகாப்புக் கட்டவுட்டைத் தேடுங்கள். பொயிலரில் ஒட்டியிருக்கும், நடுவில் சின்னப் பட்டன் இருக்கும். தண்ணீர் இல்லாமல் யாரோ சுவிட்சைப் போட்டிருந்தால் அது துள்ளியிருக்கும். அழுத்தினால் "டிக்" என்று உட்காரும்.

இனி ட்ரிப் விழும் சங்கதி. என் தலையை அதிகம் தின்றது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஹீட்டர் வயர் இரண்டையும் கழற்றி, முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, பம்புக்குத் தண்ணீரும் கொடுத்துவிட்டு மெஷினைப் போட்டுப் பாருங்கள். ட்ரிப் விழவில்லையா, குற்றவாளி ஹீட்டர். விழுந்தால் பம்ப் மோட்டாரையும் சொலனாய்ட் வால்வுகளையும் (கரண்டில் திறந்து மூடும் வால்வுகள்) ஒவ்வொன்றாகக் கழற்றி இதேபோல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஹீட்டர்தான் என்று தெரிந்த பிறகு குழப்பம் வரும். ஹீட்டர் முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் "லீக் இல்லை" என்று காட்டும். பூட்டினால் ஐந்து, பத்து நிமிடம் நன்றாக ஓடும். சூடேறி வரும்போது ட்ரிப்! மீட்டரில் பிழையில்லை. ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் தூள் அடைத்திருக்கும். மாதக்கணக்கில் சும்மா இருந்தால் அந்தத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை முனை வழியாக உறிஞ்சிவிடும். மல்டிமீட்டர் ஒரு சின்ன பெற்றரியின் வோல்ட்டில் சோதிக்கிறது, அந்த அளவுக்கு ஈரம் தன்னைக் காட்டாது. 230 வோல்ட்டும் சூடும் சேரும்போதுதான் கசியத் தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டு ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கானது, அதிலும் பாதியைத் தாண்டினாலே விழக்கூடியது. முழு வீட்டுக்கும் ஒன்றுதான் இருக்கும். பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கசியவிட்டுக்கொண்டிருக்கும்போது, மெஷினின் கொஞ்சமும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும்.

இதைச் சரியாகப் பார்க்க மெகர் வேண்டும், 500 வோல்ட்டில் சோதிக்கும் மீட்டர். வாங்கத் தேவையில்லை, மோட்டார் வைண்டிங் கடைகளில் இருக்கும். கல்முனையில் நான் போன கடை நானா ஹீட்டரைக் கையில் வாங்கியதுமே, "தம்பி, இது எரியல்ல, நனைஞ்சிருக்கு. காய வைங்க, பிறகு கொண்டு வாங்க" என்றார். அதுதான் வைத்தியம். ஹீட்டரைப் பொயிலரிலிருந்து கழற்றி, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அகற்றி, கேக் சுடும் கரண்ட் அவனில் 110 முதல் 120 பாகை வரை சில மணி நேரம் வையுங்கள். ஆறியதும் மறுபடி மெகர். ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால் பூட்டலாம். காட்டாவிட்டால் இன்னொரு தரம் காய வைத்துப் பார்க்கலாம், அதற்கும் ஏறாவிட்டால் புது ஹீட்டர்தான். திரும்பப் பூட்டும்போது ஹீட்டர் காஸ்கட் புதிதாக இருக்கட்டும். மெகர் வைக்கும்போது ஹீட்டர் தனியாகக் கழன்றிருக்க வேண்டும், கண்ட்ரோல் பொக்ஸோடு சேர்த்து வைத்தால் பொக்ஸ் காலி.

எர்த் வயரை வெட்டிவிட்டால் ட்ரிப் விழாது என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான், விழாது. அதற்குப் பிறகு ஈரக் கையோடு மெஷினைத் தொடுபவர்தான் விழுவார்.

பச்சைத் தண்ணீர் சோதனை

ஹீட்டர் வயர்கள் கழன்றபடியே இருக்கட்டும். தண்ணீரை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறோம்.

பெரிய மெஷின்களில் இருப்பது சுழலும் பம்ப், தனி மோட்டாரோடு. அதைத் தண்ணீரில்லாமல் ஓட்டவே கூடாது, உள்ளே இருக்கும் கரித் தகடுகள் தேய்ந்துவிடும். வாளியில் தண்ணீர் வைத்து ஓட்டுவதானால் வாளியைப் பம்பின் மட்டத்துக்கோ அதற்கு மேலேயோ தூக்கி வையுங்கள். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் இரண்டு காரணம். பம்ப் இறுகியிருக்கும்: வளையக் கிளாம்பைத் தளர்த்திப் பம்பைப் பிரித்து, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். அல்லது கெப்பாசிட்டர் போயிருக்கும்: உடம்பில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள், தண்ணீர் மோட்டார் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். தொடுமுன் பழைய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, உள்ளே தேங்கிய கரண்டை இறக்க வேண்டும் என்பது தெரிந்ததுதானே. சின்ன மெஷின்களில் அதிர்ந்து வேலை செய்யும் பம்ப் இருக்கும். அதைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவது நல்லது.

பம்ப் ஓடும்போது பம்பின் அழுத்தக் கேஜ் 9 பார் காட்ட வேண்டும். துளி கசியும் இடமெல்லாம் பேனாவால் குறியுங்கள். அந்த இடங்களில் ஏற்கெனவே பச்சை, வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும், பார்த்தாலே தெரியும். ஓரிங்குகளைக் குழாய்ச் சாமான் கடையில் வாங்காதீர்கள், அந்தக் கறுப்பு ரப்பர் நீராவிக்கு இறுகி வெடிக்கும். உணவுக்குரிய சிலிக்கோன் அல்லது ஈபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். குரூப் காஸ்கட் கல்லாய் இறுகியிருக்கும். மரத் திருகாணி ஒன்றை அதற்குள் முறுக்கி, ஆணியைக் குறட்டால் இழுத்தால் துண்டு துண்டாக வரும்.

சுண்ணாம்பு

சிட்ரிக் அமிலம், லீட்டருக்கு 40 கிராம் போதும். கேக் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வினாகிரி வேண்டாம், வாசம் போகாது. டொய்லெட் கழுவும் அமிலம் பக்கத்திலேயே வரக் கூடாது, அது குரோமையும் செம்பையும் தின்றுவிடும். 5 லீட்டர் பொயிலருக்கு 200 கிராம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, பாதுகாப்பு வால்வைக் கழற்றிய துளை வழியாகப் புனல் வைத்து ஊற்றுங்கள். அப்படிச் செய்தால் அமிலம் பம்பைத் தொடாது, பொயிலரின் மேல்பாதியும் நனையும். மெஷின் தானாக நிரப்பினால் மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டுவிடும். கொதிக்க வைக்கக் கூடாது, கொதித்தால் கல்சியம் சிட்ரேட் என்று வேறொரு வெள்ளைப் படிவு வந்து குந்தும்.

ஓரிரு மணி நேரம் விட்டு இறக்குங்கள். தண்ணீர் நீலப் பச்சையாக வந்தால் அமிலம் செம்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டது, போதும். பிறகு நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கடைசிக் கழுவல் தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். நுரைத்தால் அமிலம் இன்னும் இருக்கிறது. சொலனாய்ட் வால்வுகளையும், குரூப்புக்குத் தண்ணீர் போகும் ஊசித்துளை ஜெட்டையும் கழற்றி, அதே கரைசலில் ஒரு கோப்பையில் ஊறப் போடுங்கள். குரூப்பில் தண்ணீர் நூலாக வந்தால் காரணம் பெரும்பாலும் அந்த ஜெட்தான்.

சூடு

பாதுகாப்பு வால்வு மட்டும் புதியதாக இருக்கட்டும், இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். அது 1.8 பார் அளவில் திறக்கும்படி வரும், திருகி மாற்றக் கூடாது. பொயிலர் நிரம்பிய பிறகு ஹீட்டரை இணைத்துச் சுவிட்சைப் போடுங்கள். நீராவிக் குழாயைத் திறந்தே வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறாவிட்டால், சூடில்லாமலே பொயிலர் கேஜ் ஏறி ஏமாற்றும். நல்ல நீராவி வந்ததும் மூடுங்கள். முள் 1 முதல் 1.2 பார் வரை ஏறி நிற்க வேண்டும், அப்போது உள்ளே 120 பாகைக்கு மேல். 1.5ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ஹீட்டரை நிறுத்த வேண்டிய பிரெஷர் சுவிட்சின் தொடுமுனைகள் ஒட்டிப் போயிருக்கும். அதை உரசித் துடைப்பதைவிடப் புதிது வாங்குவதே நல்லது, எனக்குப் பிடித்தது சிராய் கம்பனியுடையது.

முதல் கோப்பிக்கு முன் குரூப்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஓடவிடுங்கள். சீறல் நிற்கும் வரை வருவது மிகைச் சூட்டுத் தண்ணீர், கோப்பியைக் கருக்கும். 18 கிராம் தூளுக்கு 25, 30 விநாடிக்குள் 36 கிராம் இறங்கினால் சரி. பைக்கெற் கோப்பித் தூளைப் போட்டுவிட்டு "சொட்டும் வருதில்லை" என்று மெஷினைத் திட்டாதீர்கள். அது மாப்போல அரைத்தது, கிரைண்டர் இல்லாமல் இந்தச் சோலி சரிவராது.

பின்சேர்க்கை: தண்ணீர் பற்றி

காத்தான்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: பொயிலர் நிரம்பிக்கொண்டே போகிறது, கடைசியில் நீராவிக் குழாயால் தண்ணீர் கொட்டுகிறது. மட்டம் பார்க்கும் கம்பியில் சுண்ணாம்பு படிந்தால் இப்படி வரும், கழற்றி உரசித் துடைத்தால் போய்விடும். அவர் துடைத்தும் போகவில்லை. விசாரித்தால், கரையோரக் கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று கேள்விப்பட்டு, ஆர்ஓ தண்ணீரை (உப்பை வடித்தெடுத்த தண்ணீர்) மட்டும் ஊற்றியிருக்கிறார்.

அந்தக் கம்பி வேலை செய்வதே தண்ணீர் வழியாகக் கரண்ட் மெல்லியதாகப் பாய்வதால். உப்பெல்லாம் எடுத்த தண்ணீரில் அது போதியளவு பாயாது. கம்பி மூழ்கியிருந்தாலும் பொயிலர் காலி என்றே கண்ட்ரோல் பொக்ஸ் நினைத்து, பம்பை ஓட்டிக்கொண்டிருக்கும்.

கிணற்றுத் தண்ணீர் கூடாது என்பதும் சரிதான். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. சொஃப்ட்னர் வைத்தால் சுண்ணாம்பு குறையும், ஆனால் குளோரைட் அப்படியே இருந்து எவர்சில்வரை அரிக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் வோட்டர் போர்ட் குழாய்த் தண்ணீரைக் கரிப் பில்டரில் விட்டு, ஆர்ஓ தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொன்னேன். இப்போது சரியான மட்டத்தில் நிற்கிறதாம். கலக்கப் பஞ்சிப்படுபவர்கள், தங்கள் கண்ட்ரோல் பொக்ஸில் உணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில மொடல்களில் இருக்கிறது.