ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு விளம்பரம்: கைபேசியிலும் ஊருக்குள்ளும் செய்ய வேண்டியவை

முறுக்கு, அதிரசம் விற்பவர்களுக்குச் சொல்லும் விளம்பர யோசனைகள், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை (கையால் வார்க்கும் சிமென்ட் கல்) செய்யும் பட்டறைக்கு அப்படியே பொருந்தாது. பலகாரம் வாங்கியவர் அடுத்த மாதமும் வருவார். தரைக்குக் கல் வாங்குபவர் ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோதான் வாங்குவார். அவர் வீடு கட்டும் சமயத்தில் நம் பட்டறை கண்ணில் பட வேண்டும், பார்த்ததும் நம்பிக்கை வர வேண்டும். கண்ணில் பட வைப்பது கைபேசியின் வேலை. நம்பிக்கையைக் கொடுப்பது கொத்தனாரும், நம் கல் பதித்த வீடுகளும். எங்கள் பட்டறைக்கு இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகுதான் வெளியூர் ஆர்டர் நிலையாக வந்தது.

1. கூகுள் மேப்பில் பட்டறையை ஏற்றுங்கள்

கணக்குத் தொடங்குவது, பெயர் போடுவது எல்லாம் எளிது. சரிபார்ப்பு வீடியோவில்தான் எங்களுக்கு நேரம் போனது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோவை கூகுள் வாங்காது. அது காட்டும் பக்கத்திலிருந்தே, நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இடம், தொழில், அந்தத் தொழிலை நடத்துவது நீங்கள்தான் என்பது.

நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. முதலில் ஊர் பெயின்டரைக் கூப்பிட்டுச் சுவரில் பெயர் எழுதச் சொல்லுங்கள். மேப்பில் கொடுக்கும் பெயரும் சுவரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 'மலிவு விலை' போன்ற சொற்களைப் பெயரோடு ஒட்டாதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. தெருமுனையிலிருந்து வீடியோவைத் தொடங்கி, பக்கத்துக் கட்டடம், பெயர்ப்பலகை, நீங்களே பூட்டைத் திறப்பது, உள்ளே அச்சு, கண்ணாடி, நீர்த்தொட்டி, அடுக்கிய கல், கடைசியில் உத்யம் சான்றிதழ் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) என்று வரிசையாகக் காட்டுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. வாட்ஸ்அப் பிசினஸ்

இதற்குத் தனி சிம் வையுங்கள், வீட்டு எண்ணோடு கலக்க வேண்டாம். கேட்டலாக்கில், அதாவது செயலியில் உள்ள பொருள் பட்டியலில், 500 பொருள் வரை ஏற்றலாம், நமக்கு முப்பது டிசைன் இருந்தாலே போதும். படத்தோடு அளவையும் கணக்கையும் போடுங்கள். 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் 225, 10 அங்குலக் கல் 144, 12 அங்குலக் கல் 100 வேண்டும். வெட்டுக்கும் உடைசலுக்கும் கொஞ்சம் கூடுதலாக வாங்கச் சொல்லி எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். விசாரிக்க வந்தவர் கிளம்பும் முன்பே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். செயலியிலேயே கிடைக்கும் க்யூஆர் கோடை பில் புத்தகத்தில் அச்சடித்துவிடுங்கள்.

3. ரீல்ஸ்

நம்மிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து செய்முறைதான். கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயக்கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கும் நொடியை யாரும் பார்க்காமல் நகர்த்திவிட முடியாது. கண்ணாடியைப் பிரித்ததும் பூ தெரிவது இன்னொரு நல்ல காட்சி. சினிமாப் பாட்டெல்லாம் வேண்டாம், பட்டறைச் சத்தமே போதும். விலை உயர்ந்த கேமராவும் தேவையில்லை. கைபேசியை நட்டுக்குத்தாக நிறுத்த ஒரு ஸ்டாண்டு வாங்கினால் போதும்.

கல்லை நனைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்த கல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வாங்கியவர் மனம் கசக்கும். உச்சி வெயிலையும் தவிருங்கள். காலையில் முகப்பு நிழலில் எடுத்தால் நிறம் உள்ளபடி வரும். கல் பதித்த வீடுகளின் படம் கொஞ்சமாவது சேரும்வரை காசு கொடுத்து விளம்பரம் போட வேண்டாம்.

4. ஊருக்குள்

செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் வைப்பது கல்லுக்கு வீண் செலவு. அன்றைக்கு அந்தப் பேப்பரைப் பிரிப்பவர்களில் வீடு கட்டுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தக் காசில் காரைக்குடி, தேவகோட்டை கொத்தனார்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் மாதிரிக் கல் கொடுங்கள், பின்பக்கம் உங்கள் எண்ணை எழுதி. கல் பதிக்கத் தெரிந்த கொத்தனாரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் கல்லுக்கு அடுத்துக் கேட்பது ஆளைத்தான்.

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றின் உரிமையாளர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் விசேஷம் என்றால் ஊருக்கு வருவார்கள். வீட்டைத் திறந்ததும் பெயர்ந்துபோன தரை கண்ணில் படும், பழுது பார்க்கும் பேச்சும் அப்போதுதான் எழும். கும்பாபிஷேக மலரில் கால் பக்க விளம்பரம் அந்தக் கைகளுக்கு நேராகப் போகும். மலரைப் பத்திரமாக எடுத்தும் வைப்பார்கள்.

ஆத்தங்குடி அரண்மனையும் கானாடுகாத்தான் வீடுகளும் பார்க்க வருபவர்களுக்குப் பட்டறையைத் திறந்து காட்டுங்கள். கார் ஓட்டுநர்களிடமும் தங்கும் விடுதிகளிலும் சொல்லி வையுங்கள். வாங்காவிட்டாலும் படம் எடுத்துப் போடுவார்கள். மேப்பில் ஒரு மதிப்புரை எழுதச் சொல்ல அதுவே நல்ல நேரம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த இருவர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: "படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று வாடிக்கையாளர் சண்டை போடுகிறார்." கைவேலையில் ஒரு ஈட்டுக்கும் (ஒரு தடவையில் வார்க்கும் கற்கள்) மறு ஈட்டுக்கும் நிறம் சற்று மாறத்தான் செய்யும். முன்பணம் வாங்கும் முன்பே அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். அனுப்பப்போகும் கல்லையே பகல் வெளிச்சத்தில் வீடியோ காலில் காட்டி, சரி என்ற பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். அதோடு, தரையை ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்ற குறிப்பையும் அனுப்புங்கள். சிமென்ட் கல்லை ஆசிட் அரித்துவிடும், பழி நம் பட்டறைமேல் விழும்.