ஊருக்குப் போகிறீர்களா? பழைய போட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகும்போது என் பெட்டியில் பதினாலு வருஷமாக ஒரே சாமான்கள்தான்: தைலம், சாக்லேட், சென்ட் பாட்டில், யாராவது கேட்டிருந்தால் ஒரு போன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர் வாத்தியார் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "உங்க பெரியப்பா வீட்டுல பழைய போட்டோ ஏதாச்சும் இருக்குதா தம்பி? இங்க ஒண்ணும் மிஞ்சல. கறையான் தின்னது போக மிச்சத்தை வெள்ளையடிக்கும்போது கொளுத்திட்டாங்க."

அப்போதுதான் எங்கள் ஊரில் ஒரு சங்கம் நடப்பது எனக்குத் தெரிந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார், கூத்துக் கட்டும் இரண்டு பேர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஊரின் கதையைச் சேர்த்து வைக்கிறார்கள். பூட்டிக் கிடந்த பஞ்சாயத்து டி.வி. ரூம்தான் அவர்களுக்கு ஆபீஸ். உள்ளே ஒரு இரும்பு பீரோ, மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்துத் தோல் பறி, தானியம் அளந்த வள்ளம், களி கிண்டும் துடுப்பு, நோட்டுப் புத்தகங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். சில இடத்தில் இளைஞர் மன்றம் என்று பெயர் இருக்கும், சில இடத்தில் கோயில் கமிட்டி, சில இடத்தில் பெயரே இருக்காது. நம் கையில் பத்து நாள்தான் லீவு. இவர்களைத் தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு, நான் தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வழி. டிக்கெட் மலிவு என்று சென்னையில் இறங்காதீர்கள். கிருஷ்ணகிரிக்கு அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர், தர்மபுரிக்கு இன்னும் தள்ளி. பெங்களூர் விமான நிலையத்திலிருந்து அதில் பாதி தூரம்தான், நகரத்து நெரிசலைத் தாண்டிவிட்டால் ஓசூர் வழியாக நேர் ரோடு. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. தர்மபுரிக்கு ரயில் உண்டு, சென்னை–சேலம் லைனில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கலாம்.

ஊர் எதுவென்றே தெரியாதவர்களும் வருகிறார்கள். தென்னாப்பிரிக்கா, மலேசியா, மொரிஷியஸ் பக்கம் மூன்று நாலு தலைமுறைக்கு முன் போனவர்களின் பேரப் பிள்ளைகள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில் பிரிந்தது. ஆகவே உங்கள் முன்னோரின் காகிதத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் சேலம் டவுனில் போய் நிற்காதீர்கள், அடுத்து எழுதியிருக்கும் தாலுகாவைப் பாருங்கள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில் ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் இருக்கும். கிராமத்தின் பெயரை கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். அதை வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பாருங்கள். கடைசியில் "அல்லி", "ஹல்லி" என்று வந்தால் அது நம் "அள்ளி". ஊர் என்பதற்குக் கன்னடத்தில் உள்ள சொல், இங்கே தமிழ் ஊர்களின் வாலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு என்பதால் எந்தத் தாலுகா, பக்கத்தில் எந்தச் சந்தை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போன ஊர், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போன ஊர் என்று சொன்னால் கிழவர்கள் பாதி வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊருக்குள் போனதும் முதல் கேள்வி "யாரு ஊட்டுப் புள்ள?" என்பதுதான். உங்கள் வேலை, சம்பளம், பாஸ்போர்ட் எதுவும் இதற்குப் பதில் ஆகாது. தாத்தா பெயர், அவர் கொல்லைக்கு (இங்கே கொல்லை என்றால் மேட்டு நிலம்) என்ன பெயர், வீட்டுக்குப் பட்டப்பெயர் உண்டா என்று அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாருங்கள். பதில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "குடிக்கத் தண்ணி எங்க எடுப்பீங்க?" என்று கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு தாத்தா இந்தக் கேள்விக்குப் பதிலாகச் சிரித்துக் காட்டினார், பல்லெல்லாம் பழுப்புக் கறை. இந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல்தான். எந்தக் கிணறு உப்பு, எது சப்பை, எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது என்று அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதில் ஊரின் மொத்த வரலாறும் வந்துவிட்டது.

"யார் இறைக்கக் கூடாது" என்பதைத் தாண்டிப் போகாதீர்கள். ஊருக்குள் கேட்பது பாதிக் கதை. காலனிக்கும் போய்க் கேட்க வேண்டும், பக்கத்தில் இருளர் குடியிருப்பு இருந்தால் அங்கேயும். எங்கள் ஊர்த் திருவிழாவின் முறைகள் முழுதாக நினைவிருப்பது பறை அடிக்கும் குடும்பத்துப் பெரியவருக்குத்தான். சங்கத்து நோட்டில் முதல் இரண்டு வருஷம் அவர் பெயரே இல்லை. இதை வாத்தியாரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான், ஆனால் அடுத்த வாரமே போய் உட்கார்ந்து எழுதினார். கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்கள் நிறைய. கேள்வியைத் தமிழில் கேளுங்கள், பதில் எந்த மொழியில் வந்தாலும் அப்படியே பதிவு செய்யுங்கள்.

சரி, கற்களுக்கு வருவோம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரை, புளியந்தோப்பு, கொல்லை மூலை என்று எங்கே பார்த்தாலும் நடுகல் நிற்கும். வில்லும் வாளுமாக ஒரு வீரன், காலடியில் சில சமயம் ஒரு மாடோ நாயோ. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று கல்லின் மேலே சில வரி எழுத்தும் இருக்கும், பழையதானால் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில். ஆனால் "நடுகல் எங்கே?" என்று கேட்டால் ஊரில் பலருக்குப் புரியாது. "வேடியப்பன் கோயில் எங்கே?" என்று கேளுங்கள். போர்வீரன் சாமியாகி, மஞ்சள் பூசி, கோழி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது புதுப் பழக்கம் இல்லை. தகடூர் என்ற பழைய தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறு கலத்தில் மது ஊற்றுகிறார்களே, அதை அவன் ஏற்பானோ என்று ஔவை புறநானூற்றில் அழுகிறாள். எங்கள் வேடியப்பனுக்கும் இன்றுவரை குவார்ட்டர் பாட்டில் வைக்கிறார்கள்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டது. எழுத்து போட்டோவில் தெளிவாக விழ மாவு தடவ வேண்டும் என்று எங்கோ பார்த்திருந்தேன். அரைக் கிலோ மைதாவோடு போனேன். பல வருஷ எண்ணெய் ஊறிய கல். மாவு பட்டதும் பிசைந்த மாவாகி எழுத்துக்குள் போய் அடைத்துக்கொண்டது. பூசை செய்யும் ஆயா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏன் சாமி, எங்க அப்பன் மேல தோசை சுடப் போறியா?" என்றார். அன்று சாயங்காலம் வரை ஈரத் துணியால் துடைத்தேன். மாவு, சாக்பீஸ், பெயிண்ட் எதுவும் வேண்டாம். காலை ஏழு மணி வெயிலோ சாயங்கால வெயிலோ பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானாகத் தெரியும். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். கல் நிற்கும் இடத்தையும் அதை ஊரார் சொல்லும் பெயரையும் எழுதிக்கொண்டால் போதும், படிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

ஊர்க் கல்லைப் பார்த்துவிட்டு தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் அங்கே வரிசையாக நிற்கும் நடுகற்கள் வேறு மாதிரி தெரியும். கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் உண்டு, வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள். பிள்ளைகளுக்கு மலை ஏறப் பிடிக்குமென்றால் மல்லசந்திரம் கல்திட்டைகள். நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியது, பெருங்கற்காலத்து ஈமச் சின்னம். ஊரில் கேட்டால் பாண்டவர் வீடு என்பார்கள். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம், ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு, இரண்டையும் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். ஒகேனக்கல் பரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது போவது? பள்ளி லீவுக்கு ஏற்றபடிதான் எல்லாரும் போகிறோம், வேறு வழி இல்லை. முடிகிறவர்கள் மாசியிலிருந்து வைகாசிக்குள் ஏதாவது ஊரில் பாரதம் நடக்கும்போது போங்கள். திரௌபதியம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன் பொம்மையைப் பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்கும் படுகளம், சாயங்காலம் தீமிதி. கூத்துக்குப் பாயும் போர்வையும் வேண்டும், விடியும்வரை நடக்கும். நீங்கள் நூறு ரூபாய் கொடுத்தால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அதை மைக்கில் ஐந்து நிமிஷம் புகழ்வான், கூச்சப்படாமல் இருங்கள். பொங்கல் முடிந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் தொடங்கும். தடுப்புக்கு வெளியே நில்லுங்கள், செல்ஃபிக்காக உள்ளே தலையை நீட்டாதீர்கள். மாம்பழம் வேண்டுமென்றால் மே, ஜூன்.

பணம் கொடுப்பது பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், ஒரு சங்கத்துக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் தனிக் கணக்கு வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். டி.வி. ரூமில் நடக்கும் சங்கத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. பாசத்தில் நீங்கள் அனுப்பும் ஐம்பதாயிரத்துக்கு மாட்டிக்கொள்வது வாத்தியார்தான். முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். சங்கம் பதிவு செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம்.

பணத்தைவிட உபயோகமான ஒன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அன்று ஊரில் இருந்தால் போய் உட்காருங்கள். எங்கள் சங்கத்துக்கு டி.வி. ரூம் கிடைத்தது அப்படி ஒரு கூட்டத்தில் போட்ட தீர்மானத்தால்தான்.

திரும்பும்போது பெட்டியைப் பற்றி எச்சரிக்கை. பரணில் கிடந்த ஓலைச்சுவடி, பாட்டி காலத்துக்கும் முந்தைய குத்துவிளக்கு, "நீயே வெச்சுக்க" என்று யாராவது கொடுக்கும் சிலை எதையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளும், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள சுவடியும் தொல்பொருள். தனியார் அவற்றை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. ஓலையைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஊருக்கு எடுத்துப் போக வேண்டியது நாம் இருக்கும் நாட்டிலிருந்துதான். தபாலில் வந்த பழைய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டு, போட்டோக்கள். அசலை நீங்களே வைத்துக்கொண்டு நல்ல பிரதி எடுத்துக் கொடுங்கள். படத்தின் முன்பக்கம் எழுதாதீர்கள், பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.

பெரியப்பா ஆல்பத்தில் இருந்த ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துப் போனேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஏழு பேர், நடுவில் ஒருவர் கிரீடமும் புஜக்கட்டையுமாகக் கூத்து வேஷத்தில். டி.வி. ரூமில் அதைச் சுற்றிப் பத்துப் பேர் குனிந்தார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து பெயர் கிடைத்தது. வேஷக்காரர் யாரென்று யாராலும் சொல்ல முடியவில்லை, முகமெல்லாம் அரிதாரம். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா படத்தை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்து, "சலங்கை கட்டின கால்ல ஆறு வெரல் இருக்குது பாரு, எங்க சின்ன மாமன்தான்" என்றார். ஏழாவது ஆள் ஓரத்தில் குடையோடு நிற்கிறார். அவர் யாரென்று இன்னும் தெரியவில்லை, நோட்டில் அந்த வரியை வாத்தியார் காலியாக விட்டிருக்கிறார்.