கோல்ஃப் புத்தகம் பரிந்துரைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃப் பற்றிச் சுவையான புத்தகம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்பவரிடம் பயிற்சி நூலை நீட்டுவதுதான் முதல் தவறு. அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட 'ஃபைவ் லெசன்ஸ்', மட்டையைப் பிடிக்கும் முறையிலிருந்து வீச்சு முடியும் வரை ஒவ்வோர் அசைவையும் படங்களுடன் விளக்கும் அருமையான நூல். ஆனால் பொழுதுபோக்காகப் படிக்க வந்தவர், எந்த விரல் எங்கே அழுந்த வேண்டும் என்ற விளக்கத்தை எத்தனை பக்கங்களுக்குத் தாங்குவார்? அதற்காகப் பயிற்சி நூல்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடவும் கூடாது. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நெடுங்காலம் கோல்ஃப் கற்பித்த ஹார்வி பெனிக், ஆண்டுக்கணக்காகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவற்றிலிருந்து உருவான 'லிட்டில் ரெட் புக்' 1992-இல் வெளிவந்தது. அதில் பாடங்கள் குட்டிக் குட்டி அனுபவக் கதைகளாக வருவதால், மட்டையைத் தொடாதவரும் ரசிக்கலாம்.

கேட்பவர் கோல்ஃப் ஆடுபவரா என்று விசாரிக்காமல் பரிந்துரைப்பது அடுத்த தவறு. திடல் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி 1934-இல் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின், 1995-இல், அச்சேறிய 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் ஆண்ட்ரூஸ்' திடலில் நின்று பழகியவருக்கே முழுச் சுவை தரும். ஆடாதவருக்கு ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸின் கோல்ஃப் கதைகள் போதும். கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர், தப்பிக்க வழியில்லாத இளைஞர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லும் காதல், பொறாமைக் கதைகள் அவை. ஆட்டக் கணக்கு புரியாவிட்டாலும் சிரிப்பு குறையாது. 1922-இல் இங்கிலாந்தில் 'தி கிளிக்கிங் ஆஃப் கத்பர்ட்' என்று வெளியான தொகுப்பே அமெரிக்காவில் 'கோல்ஃப் வித்தவுட் டியர்ஸ்' ஆனது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையேல் நண்பர் ஒரே புத்தகத்துக்கு இருமுறை பணம் கொடுப்பார்.

புகழை மட்டும் நம்பி மைக்கேல் மர்ஃபியின் 'கோல்ஃப் இன் த கிங்டம்' (1972) நாவலைக் கொடுப்பவர்கள், அதன் பிற்பகுதி கதையை விட்டுவிட்டுத் தத்துவக் குறிப்புகளாக மாறுவதை முன்கூட்டியே சொல்வதில்லை. இதற்கு நேர்மாறாக, ஸ்டீவன் பிரஸ்ஃபீல்டின் 'தி லெஜண்ட் ஆஃப் பேகர் வான்ஸ்' (1995) நாவலை அதன் திரைப்படத்தை மட்டும் வைத்து எடைபோட்டுத் தள்ளிவிடுகிறார்கள். ஆட மறுத்துத் தளர்ந்து நிற்கும் ஆர். ஜூனா என்ற வீரன், அவனுக்கு அறிவுரை கூறும் கேடி (ஆடுபவரின் மட்டைப்பையைச் சுமக்கும் உதவியாளர்) பேகர் வான்ஸ் என்ற பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே, அர்ஜுனனும் பகவானும் எட்டிப்பார்ப்பார்கள். பகவத் கீதையை அறிந்த நம் வாசகருக்கு இதைச் சொல்லாமல் விடுவது, என் கணிப்பில், பெரிய இழப்பு.

மன்னிக்கவே முடியாத தவறு, உண்மைக் கதையின் முடிவை உற்சாக மிகுதியில் உளறிவிடுவது. மார்க் ஃப்ராஸ்டின் 'தி கிரேட்டஸ்ட் கேம் எவர் ப்ளேட்' (2002), 1913-ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பற்றியது. பாஸ்டனுக்கு அருகே புரூக்லைனில், திடலுக்கு எதிர்வீட்டில் வளர்ந்த 20 வயது அமெச்சூர் (தொழில்முறையாக ஆடாத) வீரர் பிரான்சிஸ் விமெட், பத்து வயதுச் சிறுவனைக் கேடியாக வைத்துக்கொண்டு, ஹாரி வார்டன், டெட் ரே என்னும் இரு பிரிட்டிஷ் ஜாம்பவான்களுடன் சமநிலையில் முடித்து, மறுநாள் தீர்வு ஆட்டத்தில் மோதினார். இவ்வளவு சொன்னால் போதும். படித்து முடிக்கும்வரை விமெட்டின் பெயரை இணையத்தில் தேட வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள்.