கிரஷரைத் துடைக்கப் பழகுங்கள்

கோடை லீவில் லேபுக்கு வரும் எம்.எஸ்ஸி. ஜியாலஜி பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஐசிபி-எம்எஸ்ஸை எப்போ தொட விடுவீங்க?" கரைத்த கல்லில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று நுணுக்கமாக அளக்கும் மெஷின் அது. நான் பிரஷ்ஷையும் அசிட்டோனையும் கையில் கொடுத்து, கல் உடைக்கும் ஜா கிரஷரைத் துடைக்கச் சொல்வேன். முகம் சுருங்கும். சுருங்கட்டும். பொடியில் ஒருமுறை கலந்த அழுக்கை எந்த மெஷினும் பிரித்துச் சொல்லாது.

என் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வெளியே வந்து தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை. அங்கே உள்ள சார்னோக்கைட், கண்ட மேலோட்டின் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவான கல். மேலோட்டின் அடிப்பகுதியைப் படிக்க ஆசைப்பட்டால் ஆழ்துளை போட வேண்டாம், பஸ் ஏறினால் போதும்.

ஆனால் மழை ஊர் இது. மேலாக இருக்கும் கல்லில் சோடியமும் கால்சியமும் கரைந்து ஓடியிருக்கும். பழுப்பேறிய கல்லை அனலைஸ் செய்தால் மண்ணான கதைதான் வரும். புதிதாக வெடி வைத்த குவாரி முகப்பு இருந்தால், அனுமதி கேட்டு அங்கே எடுங்கள். சம்மட்டி போட்டால் ணங்கென்று கேட்க வேண்டும். உடைந்த முகம் எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சையாக மின்ன வேண்டும். பெரிய பெரிய தாது மணிகள் உள்ள கல் என்றால் உள்ளங்கை அளவுத் துண்டு பத்தாது, மூன்று நான்கு கிலோ வேண்டும்.

அரைக்கும்போது எந்தப் பாத்திரம் என்று முதலில் பாருங்கள். டங்ஸ்டன் கார்பைடு மில் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் சேர்க்கும். ஸ்டீல் இரும்பையும் குரோமியத்தையும் சேர்க்கும். அகேட்டில் சிலிக்கா மட்டும்தான் சேரும், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கல் முடிந்து அடுத்ததைப் போடும் முன் சுத்தமான குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கொட்டுங்கள். பொடியைக் குவித்து, நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளை எடுங்கள். பாட்டிலை ஆட்டி மேலாகச் சரிக்காதீர்கள். கனமான தாதுக்களான கார்னெட்டும் சிர்கானும் அடியில் தங்கிவிடும்.

எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் முறை, சுலபம். பொடியைச் சுட்டு எடைக் குறைவைக் குறித்துக்கொண்டு, லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கண்ணாடி வில்லையாக வார்க்கலாம். ஆக்சைடுகளையும் அந்த எடைக் குறைவையும் கூட்டினால் 99-க்கும் 101 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும்.

ஐசிபி-எம்எஸ்ஸில்தான் வம்பு. கல்லைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். அது கண்ணாடியையே தின்னும், அதனால் டெஃப்ளான் பாத்திரம். தோலில் பட்டால் வலி சில சமயம் மணிக்கணக்கில் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் உள்ளே இறங்கி உடம்புக் கால்சியத்தைப் பிடித்துவிடும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாக நின்று செய்யவே கூடாது.

அமிலம் ஊற்றிச் சூடாக்கியதும் கரைசல் தெளிவாகத் தெரியும். நம்பாதீர்கள். திறந்த பீக்கரில், சிர்கோனியம் குடியிருக்கும் சிர்கான் அசையாது. எக்ஸ்ஆர்எஃபில் சிர்கோனியம் 220 பிபிஎம் (பத்து லட்சத்தில் 220 பங்கு) காட்டி, இதில் 90 காட்டினால் மீதி பீக்கர் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு போனால் பரவாயில்லை. இட்டர்பியம் போன்ற கனமான அருமண் (ரேர் எர்த்) தனிமங்களில் பெரும்பங்கு சிர்கானிலேயே இருக்கலாம். இட்டர்பியம் குறையும், லாந்தனம்-இட்டர்பியம் விகிதம் ஏறும். கார்னெட்டும் இட்டர்பியத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், அதைப் பார்த்து, "ஆழத்தில் கார்னெட் பின்தங்கிய உருகல்" என்று நீங்கள் தீசிஸில் எழுதுவீர்கள். கரையாத நாலு மணி, ஒரு மேலோட்டுக் கோட்பாடாகிவிடும்! பிரஷர் பாம்ப் எனும் இறுக அடைத்த பாத்திரத்தில் கரையுங்கள், அல்லது உருக்கிக் கரையுங்கள்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பிளாங்க் (கல் போடாத வெறும் அமிலம்), ஒரு டூப்ளிகேட் (அதே கல் இன்னொரு முறை), ஒரு ஸ்டாண்டர்ட் (அளவுகள் ஏற்கெனவே தெரிந்த கல்பொடி) வையுங்கள். பிஹெச்விஓ-2 என்ற ஸ்டாண்டர்ட், எளிதில் கரையும் பசால்ட்; அது ஒழுங்காகக் கரைந்தது என்று சார்னோக்கைட்டுக்கு நிம்மதி அடைய முடியாது. ஜிஎஸ்பி-2 என்ற கிரானோடயோரைட் ஸ்டாண்டர்டையும் சேருங்கள். அதில் சிர்கோனியம் 550 பிபிஎம் அளவு உண்டு. அது முழுசாக வந்தால் உங்கள் கல்லும் கரைந்திருக்கும் என்று ஓரளவு நம்பலாம்.

வயது பார்க்கும் வேலை இதற்கெல்லாம் பிறகு. சிர்கானைப் பிரித்து, எபாக்ஸியில் பதித்து, பாலிஷ் செய்து, மணியின் உள் அடுக்குகளைக் காட்டும் கேத்தடோலூமினெசன்ஸ் படம் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஒரே மணியில் 250 கோடி ஆண்டு உட்கருவும் 55 கோடி ஆண்டு விளிம்பும் இருக்கக்கூடும். வயதை அளக்க லேசர் போடும் குழி இரண்டிலும் பாதிப் பாதி விழுந்தால் எந்தக் காலத்துக்கும் சேராத ஒரு வயது வரும். படத்தை பிரிண்ட் எடுத்து, குழி விழ வேண்டிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டு போங்கள். லேசர் லேபில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான்.